புள்ளினம் போற்றிய பெரியார் சலீம் அலி

கடற்கரைக்கு வரும் விருந்தினர்

காவிரி தன் கிளைகளைப் பரப்பிக் கடலொடு கலக்கும் கீழைக் கரையில் காரைக்கால் அமைந்துள்ளது. அம்மையார் தோன்றியதால் பெருமையுற்ற அவ்வூர், அரசலாறு கடல்புகும் இடத்தில், நெல்வயல்களும் உப்பங்கழிகளும் சூழ விளங்குகிறது. 1739ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த அது, 1954ஆம் ஆண்டு இந்திய நாட்டோடு இணைந்தது. அவ்விணைப்பு 1962ஆம் ஆண்டு சட்டமுறையில் நிறைவெய்தியது. அயலாட்சி நிலவிய நாளில், சுற்றிலும் தமிழகமே சூழ்ந்திருப்பினும், ஊரின் எல்லைகளில் சுங்கச் சாவடிகள் இருந்தன. வழிப்போக்கர் தம் மூட்டைகளை அவிழ்த்துக் காட்டிய பின்னரே அப்பால் செல்லலாயினர்.

ஆயினும் எந்தச் சாவடியிலும் நில்லாமல், எந்த அரசினரிடமும் இசைவு பெறாமல், அந்த எல்லைகளைக் கடந்து சென்ற பயணிகள் பலர் உளர். அவர்கள் பறவைகள். ஐப்பசித் திங்களில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது, வடதிசையிலிருந்து உள்ளானும் ஆலாவும் தாராவும் கூட்டங்கூட்டமாக வந்து, காவிரிக் கழிமுகத்துச் சேற்றிலும் நீரிலும் இரை தேடுகின்றன. பங்குனி கழிந்து வெயில் முதிரும்போது அவற்றுட் பெரும்பாலன வந்தவழியே மீள்கின்றன. இப்பயணத்தை வலசை என்பர்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். காவிரி நாட்டவராகிய சத்திமுற்றப் புலவர், வறுமையால் ஊர்விட்டுப் பாண்டி நாடு சென்று வாடியபோது, தென்குமரியில் நீராடி வடக்கே மீளும் நாரையைத் தம் மனையாளிடம் தூது வேண்டினார். அவ்வாறு வேண்டியவர், நாரை எத்திசை சென்று எத்திசை மீளும் என்பதை உணர்ந்தவரே ஆதல் வேண்டும். எனினும், இப்பறவைகள் எந்நாட்டிற் பிறந்தன, எவ்வளவு தொலைவு பறந்தன, சென்ற ஆண்டு வந்த பறவையே இவ்வாண்டும் வந்ததா என்ற வினாக்களுக்கு நெடுங்காலம் விடை கிடைத்திலது. அவ்விடைகளைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் சலீம் அலி ஆவார்.

இளமையும் ஒரு சிறு குருவியும்

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாய் நகரில் ஓர் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தாருள் இவரே இளையவர். ஒரு வயதளவில் தந்தையையும், மூன்று வயதளவில் தாயையும் இழந்தார். தாய்மாமனாகிய அமீருதீன் தயாப்ஜியும் அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் தம் வயிற்றிற் பிறந்த மக்கள் இல்லாக் குறை தீர, இக்குழந்தைகளைத் தம் மக்களாகவே வளர்த்தனர்.

மாமன் வேட்டையில் விருப்பமுடையவர். ஆதலின் சிறுவன் சலீமின் கையிலும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. அதனைக் கொண்டு சிட்டுக் குருவிகளை வீழ்த்துவது அவனது பொழுதுபோக்காயிற்று. பத்து வயதை அடுத்த பருவத்தில் ஒருநாள் அவன் வீழ்த்திய குருவி, மற்றைக் குருவிகளைப் போன்று தோன்றினும், தன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்றைக் கொண்டிருந்தது. அதன் ஊன் தன் சமயத்தார் உண்ணத் தகுவதோ அன்றோ என்று ஐயுற்று, அவன் மாமனிடம் அதனைக் கொண்டு காட்டினான். அவரும் அக்குருவி இன்னது என்று அறியாராய், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மதிப்புறு செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துச் சிறுவனை அனுப்பினார்.

அக்கழகம் 1883ஆம் ஆண்டு தோன்றியது. அதன் படிகளில் ஏறிய சிறுவன் அஞ்சி நடுங்கினான். வெள்ளையர் அதிகாரம் ஓங்கிய காலம் அது. ஆனால் மில்லார்டு அவனை அன்புடன் வரவேற்றார். அக்குருவி மஞ்சள் தொண்டைச் சிட்டு என்பதைத் தெரிவித்தார். கழகத்தார் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். படிப்பதற்கு நூல்களும் தந்தார். ஒரு சிறுவன் கேட்ட சிறு வினாவைப் பெரியவர் ஒருவர் இகழாது மதித்தார். அந்த ஒரு நாளின் மதிப்பு, பிற்காலத்தில் இந்நாட்டின் பறவையியலையே உருவாக்கிற்று. இறந்துபட்ட அச்சிறு குருவியைச் சலீம் அலி என்றும் மறந்திலர். 1985ஆம் ஆண்டு வெளியிட்ட தம் வரலாற்று நூலுக்கு ஒரு சிட்டின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரையே சூட்டினார்.

தடைகள் பல

பள்ளிப் படிப்பு இவருக்கு எளிதாக அமையவில்லை. தலைவலி நோய் அடிக்கடி வருத்தியது. 1913ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அரிதின் முயன்று வெற்றி பெற்றார். பின்னர்க் கல்லூரியிற் சேர்ந்தும் நிலைத்திலர். பர்மா நாட்டின் தாவாய்ப் பகுதியில் குடும்பத்தார் நடத்திவந்த சுரங்க, மரத் தொழில்களைக் கவனிக்கச் சென்றார். சென்றவரது உள்ளம் தொழிலிற் பதியவில்லை. சுரங்கத்தைச் சூழ்ந்த காடும் காட்டுப் புட்களுமே அவரை ஈர்த்தன. வணிகம் இறுதியில் நொடித்தது.

இடையிற் பம்பாய்க்கு மீண்டு வணிகக் கணக்கியலும், புனித சேவியர் கல்லூரியில் விலங்கியலும் பயின்றார். 1918ஆம் ஆண்டு தெஹ்மினா என்னும் நங்கையை மணந்தார். பறவையாராய்ச்சிப் பணி ஒன்றிற்கு விண்ணப்பித்தபோது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அஃது அவருக்குக் கிட்டாது போயிற்று. 1926ஆம் ஆண்டு பம்பாய் அருங்காட்சியகத்தில், வருவோர்க்குப் பொருள்களை விளக்கியுரைக்கும் விரிவுரையாளர் பணி கிடைத்தது. அப்பணியைச் செவ்வனே ஆற்றிய அவர், தம் அறிவு போதாது என்று தாமே உணர்ந்தார். ஆகவே 1928ஆம் ஆண்டு விடுப்புப் பெற்றுச் செருமனி நாட்டுப் பெர்லின் நகருக்குச் சென்று, பறவையியற் பேரறிஞர் எர்வின் ஸ்திரேசெமானிடம் மாணவரானார். பறவையைக் கொன்று, பெயரிட்டுப் பெட்டியில் அடுக்குவதோடு ஆராய்ச்சி முடிவதில்லை, உயிருள்ள பறவை எவ்வாறு வாழ்கிறது என்பதை அறிவதே அதன் உயிர்நிலை என்னும் உண்மை அவருக்கு அங்கே தெளிவாயிற்று.

1930ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் பணம் இல்லை என்று அவரது பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. கற்றுவந்த கல்வி கையில் இருந்தது. பிழைக்கும் வழி கையில் இல்லை.

தூக்கணாங்குருவி கற்பித்த பாடம்

வேலையிழந்த சலீம் அலி, பம்பாய்த் துறைமுகத்திற்கு அப்பால் உள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் மனைவியோடு தங்கினார். வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேறொருவராயின் வேலையில்லாக் கவலையில் அவற்றைக் காணாமலே நாள் கழித்திருப்பர். சலீம் அலியோ திங்கள் கணக்கில் அங்கே அமர்ந்து, ஒவ்வொரு கூட்டிலும் நிகழ்வனவற்றைக் குறித்து வந்தார்.

கூடு கட்டுவது ஆண்குருவியே. அது நார்களைக் கிழித்து வந்து கூட்டைப் பாதியளவு பின்னி நிறுத்தும். பெட்டைகள் வந்து பார்வையிடும். ஒரு பெட்டை கூட்டை ஏற்றுக்கொண்ட பின்னரே ஆண்குருவி அதனை முற்றுவிக்கும். பெட்டை அக்கூட்டில் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண்குருவி அருகிலேயே மற்றொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெட்டையை எதிர்நோக்கும். நம் ஊர்ப் பனைகளிலும் ஈச்ச மரங்களிலும் காலங்காலமாகத் தொங்கும் கூடுகளின் இவ்வரலாற்றை, உள்ளவாறு கண்டு உலகிற்கு உணர்த்திய பெருமை இவரைச் சாரும். 1931ஆம் ஆண்டு கழகத்தின் ஏட்டில் வெளிவந்த அக்கட்டுரை அறிஞர் பலரால் போற்றப்பட்டது. பட்டம் இல்லை என்று ஒதுக்கப்பட்டவர், பொறுமையாற் புகழ் பெற்றார்.

காடுகள் தோறும்

அந்நாளில் இந்தியா பல சமத்தானங்களாகப் பிரிந்து கிடந்தது. அவற்றுட் பலவற்றில் என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்ற கணக்கே இல்லை. சலீம் அலி தமக்கு ஊதியம் வேண்டா என்றும், வழிச்செலவும் காட்டிலே தங்கும் செலவும் தந்தாற் போதும் என்றும் சமத்தான அரசர்களுக்குத் தெரிவித்தார். ஐதராபாத்து, திருவிதாங்கூர், கொச்சி, மைசூர், போபால், கச்சு முதலிய பல நாடுகளின் காடுகள் அவர் காலடிபட்டன. 1933ஆம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் திரிந்தபோது, பெரியாற்றின் கரையிலுள்ள தட்டேக்காடு பறவை வளம் மிக்கது என்பதைக் கண்டறிந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1983ஆம் ஆண்டு, அவ்விடம் அவர் பெயரையே தாங்கிய பறவைப் புகலிடம் ஆயிற்று.

இப்பயணங்களில் தெஹ்மினா உடன் சென்றார். வளமனையில் வளர்ந்த அவ்வம்மையார், மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் காடு புகுந்து, கூடாரத்திலே குடும்பம் நடத்தினார். ஆனால் 1939ஆம் ஆண்டு, சிறு அறுவை மருத்துவம் ஒன்றின் பின் அவர் எதிர்பாராது உயிர் நீத்தார். சலீம் அலி மனமுடைந்து போனார். பின்னர்த் தமக்கையின் இல்லத்திலே தங்கி, அத்துயரத்தைப் பணியினால் ஆற்றிக்கொண்டார். 1941ஆம் ஆண்டு இந்தியப் பறவைகளைப் பற்றி எளிய நடையில் வண்ணப் படங்களோடு அவர் ஒரு நூலை வெளியிட்டார். அதுவரை பறவையியல் வெள்ளை அதிகாரிகளின் ஓய்வுநேரக் கலையாகவே இருந்தது. அந்நூல் அதனைப் பொதுமக்களின் செல்வமாக்கிற்று. சிறையிலிருந்த சவகர்லால் நேரு, நைனிச் சிறையிலிருந்த தம் மகள் இந்திராவுக்கு அந்நூலையே பரிசாக அனுப்பினார் என்றால் அதன் அருமை விளங்கும்.

1945ஆம் ஆண்டு கச்சு நாட்டின் பெரிய உவர்நிலத்திற்குச் சென்று, பூநாரைகள் சேற்றைக் குவித்துக் கூடு கட்டும் இடத்தைக் கண்டார். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கூடுகளே பரந்து கிடந்தன. அங்கிருந்த பறவைகளை அவர் ஏறத்தாழ ஐந்து இலக்கம் என மதிப்பிட்டார். இவ்வாறு ஈட்டிய அறிவனைத்தையும் திரட்டி, அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியோடு கூடி, இந்தியா, பாக்கித்தான் பறவைகளைப் பற்றிய பத்துத் தொகுதிப் பெருநூலை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார். அந்நூல் நிறைவெய்தியபோது அவருக்கு அகவை எழுபத்தெட்டு. நாடு இரண்டாகப் பிரிந்த பின்னரும் பறவைகள் பிரியவில்லை. ஆதலின் நூலும் பிரியவில்லை.

துப்பாக்கியும் வளையமும்

சலீம் அலியும் தம் ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டவரே. அந்நாளில் கையிற் கொண்டு ஒப்புநோக்கினாலன்றி இனம் பிரித்தறிதல் அரிது என்னும் நிலை இருந்தது. அவர் அதனை மறைத்தவர் அல்லர். ஆனால் இறந்த பறவை தன் பயணத்தைக் கூறமாட்டாது. எனவே வலசையின் வழியை அறிய வேறொரு முறை தேவைப்பட்டது. உயிருடன் பிடித்த பறவையின் காலில், எண்ணும் கழகத்தின் பெயரும் பொறித்த மெல்லிய உலோக வளையத்தைப் பூட்டிப் பறக்கவிடுவது அம்முறை. எங்கேனும் ஒருவர் அப்பறவையைக் கண்டெடுத்துக் கழகத்திற்கு எழுதுவாராயின், அதன் பயணம் தெரியவரும்.

1957ஆம் ஆண்டு மைசூர் நாட்டுக் கியாசனூர்க் காட்டில் புதியதொரு நோய் பரவிற்று. உண்ணியால் பரவும் அந்நோயை வலசைப் பறவைகள் கொணர்ந்தனவோ என ஐயம் எழுந்தது. அதனை ஆராயும்பொருட்டு உலக நல்வாழ்வு நிறுவனம் உதவ முன்வந்தது. அவ்வுதவியைக் கொண்டு சலீம் அலியின் வழிகாட்டுதலில் கழகம் வளையமிடும் பணியைப் பெருக்கியது. பறவைகளைக் காயமின்றிப் பிடிக்க வேண்டுமே! அதற்கு, வழிவழியாகப் பறவை பிடித்து விற்றுவந்த பீகார் நாட்டு மீர்சிகார்களின் திறமை பயன்பட்டது. பிடித்துக் கொல்லப் பழகிய கைகள், பிடித்துக் காக்கும் கைகள் ஆயின. துப்பாக்கி ஏந்திய சிறுவனின் கை, வளையம் பூட்டும் முதியவரின் கையாக மாறியதும் அத்தகையதே.

இந்தியாவில் வளையமிட்ட பறவைகள் அக்காலச் சோவியத்து நாட்டின் பல பகுதிகளிற் கண்டெடுக்கப்பட்டன. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உயிர் இமயமலையையும் கடந்து ஆண்டுதோறும் வந்து மீள்கிறது என்பது இதனால் ஐயத்திற்கு இடமின்றி உறுதியாயிற்று.

கோடிக்கரைப் புகலிடம்

காரைக்காலிலிருந்து தெற்கே நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரணியம் ஆகிய ஊர்களைக் கடந்து 70 முதல் 80 கிலோமீட்டர் சென்றால் கோடிக்கரையை அடையலாம். சோழநாட்டுக் கரை அங்கே மேற்கு நோக்கி வளைகிறது. வடக்கிலிருந்து கரையை ஒட்டி வரும் பறவைகளுக்கு அஃது ஒரு முனை. ஈழம் நோக்கிக் கடல் கடக்கும் பறவைகளுக்கு அது தங்கி இளைப்பாறும் சத்திரம். ஒருபுறம் பாலை முதலிய மரங்கள் செறிந்த உலர்ந்த பசுங்காடு, ஒருபுறம் புல்வெளி, ஒருபுறம் உப்பளங்களும் பரந்த சதுப்பு நிலமும். முறுக்குண்ட கொம்பினை உடைய வெளிமான்கள் அப்புல்வெளியில் மேய்கின்றன. பழந்தமிழ் நூல்களில் இரலை என்றும் புல்வாய் என்றும் வழங்கப்பெறும் மான் இதுவே என்பர். இமயத்தின் அடிவாரத்திற் கூடு கட்டும் ஆறுமணிக் குருவியும், செந்நிறம் தோய்ந்த பூநாரையும், பெயரறியாத உள்ளான்களும் அங்கே ஒருங்கு காணப்பெறும்.

1960களின் தொடக்கத்தில் சலீம் அலி இவ்விடத்தின் அருமையை உணர்ந்து, இதனைப் பாதுகாத்தல் வேண்டும் என எடுத்துரைத்தார். 1967ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழக அரசு கோடிக்கரையை வனவிலங்குப் புகலிடமாக அறிவித்தது. பின்னர்ப் பம்பாய்க் கழகத்தார் அங்கே பல ஆண்டுகள் தங்கிப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தனர். உலகில் மிக அருகிவிட்ட கரண்டி மூக்கு உள்ளானும் அங்கே அவர்களால் காணப்பெற்றது. 2002ஆம் ஆண்டு, இப்புகலிடமும் இதனை அடுத்த சதுப்பு நிலங்களும் சேர்ந்த ஏறத்தாழ 385 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு, ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

எனினும் புகலிடம் என்று அறிவிப்பதனால் மட்டும் புட்கள் நிலைத்திருப்பதில்லை. சதுப்பு நிலத்திற்கு நன்னீர் வரத்துக் குறைந்தாலும், நீரின் உவர்ப்பு மிகுந்தாலும், பறவைகள் உண்ணும் சிற்றுயிர்கள் அருகும். பின்வந்த ஆண்டுகளில் கோடிக்கரைக்கு வரும் பறவைகளின் தொகை குறைந்து வருவதை ஆராய்ச்சியாளர் கண்டனர். 2018ஆம் ஆண்டு நவம்பரில் கசா புயல் அக்காட்டின் மரங்களை வீழ்த்தியது. மான்களும் பறவைகளும் மடிந்தன. இவற்றிற்கெல்லாம் ஈடுகொடுத்து நிற்கும் நிலத்தைக் காப்பது, அதனைச் சூழ்ந்து வாழும் மக்களின் அன்பின்றி இயலாது.

பரத்பூரின் படிப்பினை

இவ்வுண்மையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று இராசத்தான மாநிலத்துப் பரத்பூரில் நிகழ்ந்தது. அங்குள்ள கேவலாதேவ் ஏரி முன்னாளில் அரசரின் வேட்டைக்களம். 1938ஆம் ஆண்டில், அரசப் பிரதிநிதி கலந்துகொண்ட வேட்டையில், ஒரே நாளில் 4273 பறவைகள் சுடப்பட்டன என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. அவ்வேட்டைக்களத்தைப் புகலிடமாக்குவதற்கு உழைத்தவருள் சலீம் அலி முதன்மையானவர். அது பின்னர்த் தேசியப் பூங்கா ஆயிற்று. 1985ஆம் ஆண்டு உலக மரபுச் செல்வமாகவும் ஏற்கப்பட்டது.

கால்நடைகள் மேய்வது பறவைகளுக்குத் தீங்கு என்று சலீம் அலி உள்ளிட்டோர் கருதினர். அதனால் 1982ஆம் ஆண்டு அங்கே மேய்ச்சல் தடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்து வந்த ஊரார் எதிர்த்தனர். காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் சில பலியாயின. ஆனால் எருமைகள் நீங்கியபின் விளைந்தது வேறு. அவை தின்று வந்த நீர்ப்புல் தடையின்றிப் பெருகி ஏரியை மூடிற்று. நீந்தவும் இரை தேடவும் இடமின்றிப் பறவைகள் பல குறைந்தன. இதனை ஆராய்ந்து வெளிப்படக் கூறியது வேறு எவரும் அல்லர். சலீம் அலி தம் உயிரினும் மேலாக வளர்த்த அதே பம்பாய்க் கழகம்.

பெரியோரும் பிழைபடுவர். ஆயினும் கண்டதைக் கண்டவாறே எழுது என்று தம் மாணவர்க்குப் பழக்கியவர், தம் கருத்தையே திருத்தும் ஆற்றலை அவர்களுக்கு வழங்கிச் சென்றார். ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த புகழ் வேறில்லை. காட்டுயிரைக் காப்பதற்கு, காட்டருகே வாழ்வாரின் வாழ்வையும் அறிவையும் ஒதுக்கிவிடலாகாது என்பதும் இந்நிகழ்ச்சியால் விளங்கும்.

பயணியின் ஒழுக்கம்

சலீம் அலி சிறிய உருவினர், மெலிந்த உடலினர். காலந்தவறாமையை உயிரெனக் கொண்டவர். விடியுமுன் எழுந்து நடப்பார். கண்டதை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதுவார். விரைந்து செல்லும் இருசக்கர வண்டியில் அவருக்குப் பெருவிருப்பம். 1950ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் நடைபெற்ற பறவையியல் மாநாட்டிற்கு, தம் வண்டியைக் கப்பலில் ஏற்றிச் சென்று, ஐரோப்பாக் கண்டத்தின் குறுக்கே தாமே அதனை ஓட்டிச் சென்று சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

இக்காலத்தில் புகலிடங்களைக் காணச் செல்வோர் பலர். வேடந்தாங்கலுக்கும் கோடிக்கரைக்கும் ஆண்டுதோறும் மக்கள் திரள்கின்றனர். காண்பதற்கு உரிய காலம் கார்த்திகை, மார்கழி, தைத் திங்கள்கள். உரிய பொழுது விடியலும் மாலையும். உரக்கப் பேசுதல், பளிச்சிடும் உடை அணிதல், படம் எடுக்கும் ஆவலால் கூட்டை நெருங்குதல் ஆகியவை பறவைகளை அஞ்சி எழச் செய்யும். அஞ்சி எழும் ஒவ்வொரு முறையும், அவை நெடும்பயணத்திற்குச் சேமித்த வலிமையில் ஒரு பகுதியை இழக்கின்றன. வேடந்தாங்கல் ஊரார் தம் வயலுக்கு எருவாகும் நீரைத் தரும் பறவைகளை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாமே காத்து வருகின்றனர். விருந்தினரை ஓம்பும் முறையை அவர்களிடமே கற்றல் வேண்டும்.

புகழுடம்பு

1958ஆம் ஆண்டு பத்மபூசண் விருதும், 1976ஆம் ஆண்டு பத்மவிபூசண் விருதும் சலீம் அலிக்கு வழங்கப்பெற்றன. 1985ஆம் ஆண்டு மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். பரிசாக வந்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்புக்கான நிதியாக்கினார். கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கினை நீர்மின் திட்டத்தால் மூழ்காது காத்தவருள் அவரும் ஒருவர். 1984ஆம் ஆண்டு அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு சூன் திங்கள் 20ஆம் நாள், தொண்ணூறு ஆண்டுகள் நிரம்பிய நிலையில், பம்பாயில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அமைந்த பறவையியல் மையம் 1990ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் இயங்கி வருகிறது. அவர் பிறந்த நவம்பர் 12ஆம் நாளைப் பறவை காணும் நாளாக நாட்டினர் கொண்டாடுகின்றனர்.

அந்நாள் ஐப்பசித் திங்களின் இறுதி. காரைக்கால் கரையில் மழைமேகம் கவிந்திருக்கும். வயல்களில் நீர் நிறைந்திருக்கும். வடக்கிலிருந்து வந்த உள்ளான்கள் அரசலாற்று முகத்துவாரத்தில் ஓடியோடி இரை தேடும். மயில் குளிரால் நடுங்குமென்று தன் போர்வையை ஈந்தான் பேகன். பறவைகளுக்குப் போர்வை வேண்டுவதில்லை. கறைபடாத நீரும், வெட்டப்படாத மரமும், கல்லெறியாத கையும் இருந்தாற் போதும். அவ்வுள்ளான்களுள் ஒன்றன் காலில் சிறு வளையம் ஒன்று மின்னுமாயின், அஃது எங்கிருந்து வந்தது என்று வினவும் சிறுவரும் சிறுமியரும் அக்கரையில் இருத்தல் வேண்டும். அவர் வினாவை மதித்து விடைகூறும் பெரியவரும் இருத்தல் வேண்டும். முன்னொருநாள் பம்பாயில் ஒரு சிறுவனுக்கு வாய்த்த பேறு அதுவே அன்றோ!